காட்டுக் கார்பன் காசு ஊருக்குள்ள போய்ச் சேருதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பெருங்குடி நாரை | திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனியில வேலை பாக்குறேன். போன மாசம்தான் என்னை சுற்றுச்சூழல் குழுவுக்கு மாத்தினாங்க. முதல் வேலையே இதுதான்: கம்பெனி இந்த வருஷம் கார்பன் கிரெடிட் (நாம விடுற புகைக்கு ஈடா, வேற இடத்துல புகை குறைஞ்சதுன்னு குடுக்குற சான்று) வாங்கப்போகுது, வந்திருக்குற மூணு காட்டுத் திட்டத்துல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து மேல அனுப்பணும். ஒண்ணு ஒடிசா மலைக்காடு, ஒண்ணு கிழக்கு ஆப்பிரிக்காவுல கண்டல் காடு (அலையாத்திக் காடு), இன்னொண்ணு தென் அமெரிக்கா.

மூணு ஆவணத்தையும் முழுசா வாசிச்சேன். ஹெக்டேர், டன், சாட்டிலைட் படம்னு பக்கம் பக்கமா இருக்கு. ஊர் ஜனங்களைப் பத்தி வர்றப்போ மட்டும் "உள்ளூர் மக்களின் வாழ்வாதாரம் மேம்படும்"னு ஒரே பத்தி, கீழ தையல் மிஷின் பக்கத்துல நாலு பெண்கள் நிக்கிற படம். என்ன மேம்படும், யாருக்கு, எப்போ, யார் கையால? ஒரு வரி இல்லை.

அந்தப் படத்துல ஓரமா நிக்கிற அம்மா கேமராவைப் பாக்காம தரையில எதையோ பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ரெண்டு நாளா அவங்க முகம்தான் கண்ணுல நிக்குது. நான் ஒரு டிக் போட்டா அவங்க ஊர்ல ஏதோ ஒண்ணு நடக்கும். அது நல்லதா கெட்டதான்னு தெரியாம கை போகமாட்டேங்குது.

இந்தக் காசு கடைசியில யார் கைக்குப் போகுது? காட்டை நம்பி இருக்குறவங்களுக்கு அது என்ன வேலையா, என்ன வருமானமா மாறுது? நேர்ல பாத்தவங்க, வேலை செஞ்சவங்க இருந்தா தயவுசெய்து எழுதுங்க.

—

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 11.40

நான் இந்தத் துறையில் சரிபார்ப்பு வேலை செய்கிறேன். வருஷத்தில் நாலைந்து மாதம் காட்டுப் பக்கம், மீதி நாள் தி.நகரில் கம்ப்யூட்டர் முன்னால்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் மாதிரிக் கட்டங்கள் போடுவோம். ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் மரங்களை நெஞ்சு உயரத்தில் நாடா சுற்றி அளப்போம். சர்வதேச வழக்கம் 1.3 மீட்டர், நம் வனத்துறை வழக்கம் 1.37 மீட்டர். அந்தச் சுற்றளவிலிருந்து மரத்தின் காய்ந்த எடை தெரியும். 200 கிலோ காய்ந்த எடை என்றால் அதில் ஏறக்குறைய 47 சதவீதம், அதாவது 94 கிலோ, கார்பன். அதை 44/12 ஆல் பெருக்கினால் 345 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்த அளவு மரம் மூன்று சேர்ந்தால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஒரு டன் என்பது ஒரு கிரெடிட்.

ஆனால் மரம் நிற்கிறது என்பதற்காக யாரும் காசு தருவதில்லை. இந்தத் திட்டம் வராவிட்டால் இத்தனை மரம் போயிருக்கும் என்று ஒரு அடிப்படைக் கோடு போடுகிறோம். போகாமல் மிஞ்சியதற்குத்தான் கிரெடிட். காடு அழிவதைக் குறைத்தால் பணம் தரும் ரெட் பிளஸ் ஏற்பாடு 2007ல் பாலியில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஏற்கப்பட்டது, அதன் அடித்தளம் இதுதான். தப்பு நடப்பதும் இந்தக் கோட்டில்தான். 'காடு அதிவேகமாக அழிந்துகொண்டிருந்தது' என்று மிகைப்படுத்தி எழுதினால் கிரெடிட் தானாகப் பெருகும். 2023 ஜனவரியில் கார்டியன் பத்திரிகை வேறு இரண்டு நிறுவனங்களோடு சேர்ந்து வெளியிட்ட புலனாய்வு, உலகின் மிகப் பெரிய சான்று அமைப்பான வெர்ரா ஒப்புதல் தந்த மழைக்காட்டு கிரெடிட்களில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்றது. வெர்ரா அதை மறுத்தது. ஆனாலும் அதே வருஷம் நவம்பரில் கணக்கு முறையை மாற்றியது.

நாரை, உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். வாழ்வாதாரம் என்பது ஆவணத்தில் படம் வைக்க ஒரு பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் கணக்கிலேயே 'கசிவு' என்று ஒரு இனம் உண்டு. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் வழி செய்யாமல் ஒரு குன்றை மூடினால் அடுத்த குன்றில் கோடாலி விழும். அந்த நஷ்டத்தைக் கழித்துத்தான் கிரெடிட் தரவேண்டும். ஊர்க்காரர்களின் அடுப்பு எப்படி எரிகிறது என்று எழுதாத ஆவணம், கார்பன் ஆவணமாகவே அரைகுறை.

—

கண்டல் விதை | செவ்வாய், காலை 7.20

நாரை, உங்க மூணுல ஒண்ணு கிழக்கு ஆப்பிரிக்கா கண்டல் காடுன்னு போட்டிருக்கீங்க. அந்தக் கரையில எல்லாரும் முன்மாதிரியா காட்டுறது கென்யாவுல காஸி (Gazi) வளைகுடாவில் இருக்குற மிகோகோ பமோஜா திட்டம். ஸ்வாஹிலியில 'கண்டல் மரங்கள் சேர்ந்து'ன்னு அர்த்தம். 2013ல ஆரம்பிச்சது. 117 ஹெக்டேர்தான். வருஷத்துக்கு சுமார் 3,000 டன். ஆரம்பத்துல வருஷத்துக்கு வந்த பணம் ஏறக்குறைய 12,000 டாலர். அந்தத் திட்டத்துல இருக்குற ரெண்டு ஊர்லயும் சேர்த்து ஆயிரக்கணக்குல ஜனம். தலைக்குப் பிரிச்சா ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. அதனால அவங்க பிரிக்கவே இல்லை. ஊர்க் கூட்டம் போட்டு குடிதண்ணிக் குழாய், பள்ளிக்கூடப் புத்தகம்னு செலவு பண்ணினாங்க.

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது சவுக்கு. வீட்டுக் கம்புக்கும் விறகுக்கும் கண்டல் மரத்தை வெட்டிக்கிட்டிருந்த ஊர் அது. அதுக்கு மாத்தா கரையில சவுக்கு நட்டாங்க. நம்ம ஈ.சி.ஆர். பக்கம் சவுக்குத் தோப்பு பாத்து வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். அஞ்சாறு வருஷத்துல கம்பு, விறகு ரெண்டும் கிடைக்கும். 'வெட்டாதே'ன்னு சொல்றதுக்கு முன்னாடி 'இதை வெட்டிக்கோ'ன்னு ஒண்ணு கையில குடுத்திருக்காங்க.

பிச்சாவரம் பத்தியும் சொல்லணும். அது கார்பன் திட்டம் இல்லை, ஆனா இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியலை. ரொம்ப காலம் 'ஊர்க்காரங்க ஆடு மாடு விட்டு, விறகு வெட்டி காட்டை அழிச்சுட்டாங்க'ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. தரமணியில இருக்குற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல மண்ணைத் தோண்டிப் பாத்தப்போ வேற காரணம் கிடைச்சுது. பிரிட்டிஷ் காலத்துல இருந்து 1970கள் வரைக்கும் கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, மொத்தமா வெட்டியிருக்காங்க. வெட்டின இடம் வெயில்ல காஞ்சு, மண்ணு உள்வாங்கி, நடுவுல தட்டு மாதிரி பள்ளம் விழுந்துடுச்சு. ஓதத்துல (கடல் ஏத்தத்துல) உள்ள வந்த தண்ணி வெளிய போகமுடியாம தேங்கி, காஞ்சு, உப்பா நிக்கும். அதுல எந்த விதையும் முளைக்காது. ஊர்க்காரங்க மேல போட்ட பழி அத்தனை வருஷம் தப்பான பழி.

சரி பண்ணது எப்படின்னா, மீன் முள் மாதிரி வாய்க்கால். நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது தண்ணி உள்ள வரும், இறங்கும்போது உப்பையும் கூட்டிக்கிட்டு வெளிய போகும். அப்புறம் வெண்கண்டல் நட்டாங்க. வாய்க்கால் வெட்டினது, சேறு அள்ளினது, கன்னு நட்டது எல்லாம் ஊர்க் குழு. வாய்க்கால் தூர்ந்துகிட்டே இருக்கும், அதனால வேலை ஒரு வருஷத்தோட முடியாது.

நான் படிக்கிறப்போ அங்க போயிருக்கேன். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, சேத்துல கையை விட்டுத் துழாவி இறால் பிடிப்பாங்க. பிடிச்சதைப் போட ஓலைப் பறி. ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்குறதால பறியைப் பல்லால கவ்விப் பிடிச்சுக்கிட்டே நகருவாங்க. மணிக்கணக்கா அப்படியே. அந்தக் குடும்பங்களுக்கு சாதிச் சான்றிதழ், வலை, படகுன்னு ஒவ்வொண்ணா வர எத்தனை அலைச்சல்! உங்க ஆவணத்துல 'வாழ்வாதாரம்'ங்கிற வார்த்தை வர்ற இடத்துல எல்லாம் நான் அந்தப் பறியைத்தான் நினைச்சுப்பேன்.

—

ஜவ்வாது மகன் | செவ்வாய், மதியம் 1.05

அக்கா, நான் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கம். மூணு வருஷமா சென்னையில இருக்கேன், கட்டட சைட்ல சூப்பர்வைசர் வேலை. சாப்பாட்டு டயத்துல எழுதுறேன், தப்பு இருந்தா மன்னிக்கணும்.

எங்க ஊருக்கும் கார்பன்னு சொல்லிக்கிட்டு ஒரு ஆளுங்க வந்தாங்க. நான் அப்போ பன்னெண்டாவது. மரம் நட்டா வருசா வருசம் காசு வரும், வெளிநாட்டுக்காரன் குடுப்பான்னு சொன்னாங்க. எங்க சித்தப்பா சாமை போடுற நிலத்துல ஒரு பக்கத்தைக் குடுத்தார். பத்து பக்கம் இங்கிலீஷ் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார், எனக்கும் பாதி புரியல. கன்னு குடுத்தாங்க, குழி வெட்டினதுக்குக் கூலியும் குடுத்தாங்க, அது உண்மை. அதோட சரி. ரெண்டு வருசம் கழிச்சு ஒருத்தர் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனார். அப்புறம் யாரும் வரல. மரம் நிழல் விழுந்து சாமை பாதியாப் போச்சு. வெட்டலாமான்னா, கையெழுத்து போட்டிருக்கோமே, கேஸ் வருமோன்னு பயம். எத்தனை வருசத்துக்குக் கையெழுத்து போட்டார்னு அவருக்கு இன்னைக்கும் தெரியாது.

யாரையும் திட்டணும்னு எழுதல. அந்த போட்டோல தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிற அம்மான்னு நீங்க எழுதினீங்களே, அதைப் படிச்சதும் எங்க சித்திதான் ஞாபகம் வந்தாங்க. அதான் எழுதினேன்.

—

எண்ணூர் கழிமுகம் | செவ்வாய், மாலை 6.30

தம்பி எழுதினதைப் படிச்சப்புறம் இதை நான் சொல்லியே ஆகணும். இந்த வியாபாரமே வேணாம்ங்கிறது என் கட்சி. இங்க புகை விடுறவன் விட்டுக்கிட்டே இருப்பான், எங்கேயோ இருக்குற ஏழை ஜனம் அதுக்காக விறகு பொறுக்காம இருக்கணும். இது என்ன நியாயம்?

நான் பொறந்து வளர்ந்தது எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆத்துல அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு படிஞ்சு, எங்க அப்பா காலத்துல ஆளுயரம் தண்ணி நின்ன இடத்துல இப்போ முழங்கால். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்தப்போ கண்டல் செடி ஒவ்வொண்ணும் கருப்புல முக்கி எடுத்த மாதிரி நின்னுச்சு. ஜனங்க பக்கெட்டும் கையுமா எண்ணெயை அள்ளினாங்க. வலையெல்லாம் போச்சு, படகு பூரா பிசுக்கு. எங்க கண்டல் காட்டுக்கு யார் கிரெடிட் குடுக்குறா? மெட்ராஸ்ல இருந்துகிட்டு கென்யாவுல கண்டல் காட்டை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை அத்திப்பட்டு வரைக்கும் ரயில் ஏறி வாங்க.

—

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 9.10

எண்ணூர் சார், உங்கள் கோபத்தில் தப்பில்லை. முதலில் சொந்தப் புகையைக் குறைக்க வேண்டும், குறைக்கவே முடியாத மிச்சத்துக்குத்தான் கிரெடிட். இதை நான் ஒவ்வொரு கம்பெனியிலும் சொல்கிறேன், பாதிப் பேர் காதில் வாங்குவதில்லை.

ஆனால் 'வேணாம்' என்பதோடு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் சரியாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன். மேகாலயாவில் காசி மலையில் 10 ஹிமா சேர்ந்து, 62 ஊர், சுமார் 27,000 ஹெக்டேர் காட்டை ஒரே திட்டமாகப் பாதுகாக்கிறார்கள். ஹிமா என்பது அவர்களுடைய பாரம்பரிய ஆட்சி அமைப்பு. மௌஃப்லாங் கோயில்காடு அந்தப் பக்கம்தான், ஒரு சருகைக்கூட வெளியே எடுத்துப் போகக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. நம் ஊர் ஐயனார் கோயில்காட்டில் இருப்பதைப் போல. 2011ல் வேலை தொடங்கி, பிளான் விவோ என்ற அமைப்பின் சான்று வாங்கினார்கள். அந்த அமைப்பின் விதிப்படி விற்ற பணத்தில் குறைந்தது 60 சதவீதம் சமூகத்துக்குப் போகவேண்டும்.

நான் அங்கே போனபோது கவனித்தது தீக்கோடுகள். குளிர்காலம் முடிவதற்குள் ஊர்ப் பையன்கள் காட்டோரம் முழுவதும் சருகைச் செதுக்கி வெறும் மண் பட்டை போட்டுவிடுகிறார்கள். அதற்குக் கூலி உண்டு. விறகு குறைவாக எரியும் அடுப்பு, பெண்கள் சுய உதவிக் குழு, மேயவிடும் ஆடு மாட்டுக்குப் பதில் கொட்டிலில் பன்றியும் கோழியும். பெரிய மரம் நடும் விழா எதுவும் இல்லை. வெட்டிய வேரிலிருந்து தானாகத் துளிர்ப்பதைத் தீயும் வாயும் படாமல் காத்தாலே காடு வந்துவிடுகிறது.

நேபாளத்தில் இன்னொரு வழி பார்த்தார்கள். சித்வன், கோர்க்கா, தோலகா மூன்று இடங்களிலும் சமூகக் காட்டுக் குழுக்களுக்கு 2011லிருந்து சோதனையாகப் பணம் கொடுத்தார்கள். எவ்வளவு கார்பன் என்பதை மட்டும் பார்த்தால் பெரிய காடு வைத்திருக்கிற ஊருக்கே எல்லாம் போய்விடும். அதனால் எத்தனை ஏழைக் குடும்பம், எத்தனை பெண்கள், எத்தனை தலித், பழங்குடி வீடுகள் என்பதற்கும் சேர்த்துப் பங்கு பிரித்தார்கள். கார்பனைவிட அதற்கே எடை அதிகம். மரத்தை அளந்ததும் ஊர்க்காரர்கள்தான், பயிற்சி கொடுத்து. கையில் நாடா பிடித்தவனிடம் யாரும் கணக்கை மறைக்க முடியாது.

ஜவ்வாது தம்பி, உங்கள் சித்தப்பாவிடம் அந்தக் காகிதத்தின் நகல் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எத்தனை வருஷம், வெட்டினால் என்ன என்று வாசித்துச் சொல்கிறேன். காசு வேண்டாம்.

—

தாம்பரம் வனவர் | புதன், காலை 5.50

வனத்துறையில் முப்பது வருடம். இப்போது ஓய்வு. அதிகாலையில் எழுந்து இந்த இழையை முழுவதும் வாசித்தேன்.

கணக்குப்பிள்ளை காசி மலையைச் சொன்னார். அங்கே ஏன் முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும். அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை இருப்பதால் அங்கே காட்டில் பெரும்பகுதி குலத்துக்கும் ஊருக்கும் சொந்தம். விற்க வேண்டுமா, வேண்டாமா என்று அவர்களே உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். இங்கே காட்டில் பெரும்பகுதி 1882 வனச் சட்டத்தின் கீழ் வந்த காப்புக்காடு. ஊர்க்காரர் தீயணைக்க வரவேண்டும், ஆனால் கையெழுத்து போடும் இடத்தில் அவர் பெயர் கிடையாது.

அதை மாற்றத்தான் 2006 வன உரிமைச் சட்டம் வந்தது. சமூகக் காட்டு வளத்தைக் காக்க, மீட்க, நிர்வகிக்க கிராம சபைக்கு உரிமை என்று பிரிவு 3(1)(i) சொல்கிறது. சிறு வனப்பொருளுக்கு உரிமை என்றும் சொல்கிறது. தேன், கடுக்காய், மூங்கில் எல்லாம் அதில் வரும். கார்பன் என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் காட்டை நிர்வகிக்கும் உரிமை கிராம சபைக்கு இருக்கும்போது, அந்தக் காட்டை வைத்து யாரோ போடும் ஒப்பந்தத்தில் கிராம சபைக்கு இடமில்லை என்றால் அது எனக்கு ஏற்புடையதல்ல. பணியில் இருந்தபோது இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

1997ல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது கிராம வனக் குழு அமைத்தோம். நல்ல நோக்கம். தடுப்பணை கட்டினோம், கறவை மாட்டுக்குச் சுழல்நிதி கொடுத்தோம், குழுவில் பெண்களும் இருந்தார்கள். பணம் வந்தவரை குழு கூடியது. பணம் நின்ற மறுவருடம் பல ஊர்களில் பதிவேட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். குழுவின் செயலாளர் யார்? எங்கள் வனவர். வங்கிக் கணக்கில் இரண்டாவது கையெழுத்து யாருடையது? எங்களுடையது. ஊர் தன் பணம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. நினைக்க நாங்கள் விடவில்லை.

ஒரு காட்சி சொல்கிறேன். பிப்ரவரி முடிவு, இலையுதிர்காடு முழுவதும் கணுக்கால் அளவு சருகு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குன்றின் மறுபக்கம் புகை தெரிந்தது. நானும் இரண்டு வாட்சரும் மட்டும். தழைக்கொத்து ஒடித்து அடிக்கத் தொடங்கினோம். இருட்டும் நேரத்தில் கீழே ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் ஏறி வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர்களுடைய கடுக்காய் மரங்கள் அந்தச் சரிவில் இருந்தன. விடியும்வரை அடித்தோம். அடுத்த குன்றில் யாருக்கும் ஒரு மரமும் சொந்தமாக இல்லை. அங்கே தீ மூன்று நாள் எரிந்தது.

—

பெருங்குடி நாரை | புதன், இரவு 8.45

வனவர் ஐயா, நீங்க எழுதினதை எங்க டீம் மீட்டிங்ல தமிழ்லயே வாசிச்சேன். ரொம்ப நேரம் யாரும் பேசலை.

எண்ணூர் அண்ணா, சனிக்கிழமை அத்திப்பட்டுக்கு வர்றேன். சொன்னதுக்காக இல்லை, எனக்கே பாக்கணும். எங்க மாடியில இருந்து பள்ளிக்கரணை தெரியும். 2022ல அதை ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்கள் பட்டியல்ல, சேர்த்தாங்க. அதே வருஷம் பிச்சாவரமும் சேர்ந்துச்சு. தினமும் அதைப் பாத்துட்டு ஆபீஸ் போறேன். ஊர்ல இருக்குற ஈரநிலத்துக்கு எதுவும் செய்யாம தூரத்துக் காட்டுக்குக் கிரெடிட் வாங்குறது எனக்கும் உறுத்துது. அது தனி வேலை, அதையும் பேசுவோம். ஆனா இந்த வாரம் நான் ஒரு பேப்பர்ல பதில் எழுதியாகணும்.

தம்பிகிட்ட ஒரு கேள்வி. உங்க ஊருக்கு நிஜமாவே காசு வந்தா, அது என்னவா வரணும்? நீங்க என்ன கேப்பீங்க?

—

ஜவ்வாது மகன் | வியாழன், இரவு 10.30

அக்கா, இதை அம்மாகிட்ட போன்ல கேட்டுட்டு எழுதுறேன். சிக்னல் கிடைக்க அவங்க பாறை மேல ஏறி வரணும், அதான் லேட்டு.

அம்மா சொன்னது புளி. எங்க ஊர்ல மாசி, பங்குனியில புளி உலுக்குவோம். ஆம்பளைங்க மரத்துல, பொம்பளைங்க கீழ பொறுக்குவாங்க. ஓடு தட்டி, நார் உரிச்சு, கொட்டை எடுத்து, வெயில்ல காய வச்சா அதுக்கு ஒரு விலை. ஓட்டோட மூட்டை கட்டிப் போட்டா வேற விலை, பாதிகூட வராது. எல்லாருக்கும் இது தெரியும். ஆனா அந்த மாசத்துலதான் கையில காசு இருக்காது. தை மாசமே வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருப்போம், கல்யாணம், ஆஸ்பத்திரி, எங்க ஃபீஸ். அவர் லாரி வர்ற அன்னைக்கு ஓட்டோட ஏத்தி விடணும். கொட்டை எடுக்க உக்காந்தா மூணு வாரம் ஆகும். அந்த மூணு வாரம் சோத்துக்கு யார் குடுப்பா?

அம்மா கேட்டது இதான்: 'அந்த மூணு வாரத்துக்குக் காசு, காயப்போட ஒரு சிமெண்டு களம், மழை வந்தா அள்ளி வைக்க ஒரு ஷெட்டு.' வேற எதுவும் கேக்கல. கடுக்காயும் அப்படித்தான், தேனும் அப்படித்தான். விலை கிடைக்குற மரத்தை எவன் வெட்டுவான்னு கேட்டாங்க. புளியமரத்தை வெட்டி விறகுக்கு வித்தவங்க எங்க ஊர்ல ரெண்டே பேரு, ரெண்டும் அந்த மாதிரி கஷ்ட மாசத்துலதான்.

நான் இங்க மாசச் சம்பளத்துல இருக்குறதும் அதே கணக்குதான். பேப்பர்ல கையெழுத்துப் போட்டு, நிழல் விழுந்து சாமையும் போச்சு, அதுக்கப்புறம்தான் நான் படிப்பை விட்டு வண்டி ஏறினேன்.

—

கணக்குப்பிள்ளை | வியாழன், இரவு 11.55

தம்பி, உங்கள் அம்மா சொன்னதை எந்த ஆவணத்திலும் இவ்வளவு தெளிவாக வாசித்ததில்லை. கார்பன் பணம் சிறிய பணம், வருஷத்துக்கு ஒரு முறை வரும், அதுவும் சரிபார்ப்பு முடிந்து தாமதமாக வரும். தலைக்குப் பிரித்தால் மறைந்துவிடும். ஊர்க் கணக்கில் சுழல்நிதியாகப் போட்டு அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் கொடுத்தால் அது புளி விலையாகத் திரும்பி வரும், அடுத்த வருஷம் மறுபடி கொடுக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. நாரை, உங்கள் மூன்றாவது திட்டம் தென் அமெரிக்கா என்றீர்கள். பிரேசிலில் சுருயி பழங்குடியினர் தாங்களே முன்னின்று நடத்திய கார்பன் திட்டம் 2013ல் 1,20,000 டன்னை ஒரு அழகுசாதன நிறுவனத்துக்கு விற்றது. உலகமே பாராட்டியது. அவர்கள் நிலத்தில் தங்கமும் வைரமும் இருந்தன. சட்டவிரோதச் சுரங்கக்காரர்கள் உள்ளே வந்தார்கள், மரம் வெட்டு கூடியது, 2018ல் திட்டம் நின்றுபோனது. வெளியிலிருந்து வரும் பெரிய பணத்தின் முன் கார்பன் பணம் ஒன்றுமில்லை. எல்லையைக் காக்க அரசு பக்கத்தில் நிற்காவிட்டால் எவ்வளவு நல்ல ஊர்க்குழுவும் தனியாகத் தாங்காது. ஆகவே அந்தக் காட்டுக்கு வேறு யார் கண் வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

—

தாம்பரம் வனவர் | வெள்ளி, காலை 6.10

நாரை அம்மா, ஒரே ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் அனுப்பிய அறிக்கையைக் கேட்காதீர்கள். கிராம சபை தீர்மானப் பதிவேட்டின் பக்கத்தைக் கேளுங்கள். எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை பேர் கைநாட்டு, எதிர்த்துப் பேசியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையில் நடந்த கூட்டம் என்றால் ஒருவராவது எதிர்த்திருப்பார்.

—

எண்ணூர் கழிமுகம் | வெள்ளி, மதியம் 2.15

தம்பியோட அம்மா சொன்னதுக்கு எதிரா பேச எனக்கு வாய் வரலை. என் கட்சி மாறலை, ஆனா அந்தக் களமும் ஷெட்டும் வரணும். சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாங்க நாரை. தண்ணி வத்தி இருக்குறப்போதான் சாம்பல் எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியும். செருப்பு வேணாம், சேறு.

—

பெருங்குடி நாரை | அடுத்த வியாழன், இரவு 9.30

அத்திப்பட்டு போயிட்டு வந்தேன். அதைப் பத்தித் தனி இழை போடுறேன், படங்களோட. சாம்பல் மேல நடந்தப்போ கால் புதைஞ்ச ஆழத்தை நான் மறக்கமாட்டேன் அண்ணா.

மூணு விற்பனையாளருக்கும் மடல் போட்டேன். விற்ற பணத்துல ஊருக்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதியில, யார் பேர்ல இருக்குற வங்கிக் கணக்குல போச்சு. ஒப்பந்தம் எத்தனை வருஷம், ஊர்க்காரங்க மொழியில இருக்குற நகல் எங்க. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் என்ன வழி. சுரங்கம், சாலைன்னு வேற யார் அந்த நிலத்தைக் கேக்குறாங்க. கடைசியா ஐயா சொன்ன தீர்மானப் பதிவேட்டுப் பக்கம்.

தென் அமெரிக்காவுல இருந்து பதிலே இல்லை. கண்டல் காட்டுக்காரங்க பாதிக்குப் பதில் சொல்லிட்டு மீதிக்கு ஒரு மாசம் கேட்டிருக்காங்க. காத்திருக்கலாம்னு எழுதிட்டேன். ஒடிசாவுல இருந்து இன்னைக்குக் காலையில ஸ்கேன் வந்துச்சு. கோடு போட்ட நோட்டுல நீல மையில எழுதின நாலு பக்கம். கீழ வரிசையா கைநாட்டு, நான் எண்ணினவரைக்கும் அறுபத்தி மூணு. ரெண்டாவது பக்கத்துல ஒரு பத்தியைச் சுத்தி யாரோ கட்டம் போட்டிருக்காங்க, பக்கத்துல ஒரு பேர் மாதிரி இருக்கு. எதிர்த்துப் பேசினவங்களா இருக்கலாம், தெரியலை. எல்லாம் ஒடியாவுல இருக்கு. அவங்களே இங்கிலீஷ்ல மாத்தித் தர்றேன்னாங்க, நான் வேணாம்னுட்டேன். வேற யாராவது வாசிச்சுச் சொன்னா நல்லாருக்கும். இங்க ஒடியா வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

—

ஜவ்வாது மகன் | அடுத்த வியாழன், இரவு 10.05

அக்கா, எங்க சைட்ல ஒடியா பசங்க பதினோரு பேர் இருக்காங்க. அதுல ரெண்டு பேர் மலைக்காட்டு ஊருதான், ஒருத்தன் பத்தாவது வரைக்கும் படிச்சவன், நல்லா வாசிப்பான். ஞாயித்துக்கிழமை அரை நாள் லீவு. நாலு மணிக்கு மேல நாவலூர் வாங்க, அந்த நாலு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு வாங்க. போன்ல வேணாம், எல்லாரும் சுத்தி உக்காந்து வாசிக்கணும். டீ நான் வாங்கி வைக்கிறேன்.